ஏற்றியாயிற்றா, எழுதியாயிற்றா?

செங்குன்றத்திலும் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூர்ச் சாலையின் இரு மருங்கிலும் இக்கால் பெருங்கிடங்குகள் பல எழுந்து நிற்கின்றன. அவற்றிற் பலவற்றின் வாயிலில் தமிழ்ப் பெயர்ப்பலகை தொங்கும். சட்டத்திற்கு அஞ்சியேனும் தொங்கவிட்டிருப்பர். அதனைக் கடந்து உள்ளே சென்றால், அங்குப் பணிசெய்யும் ஆடவர் பெண்டிர் கைகளில் உள்ளங்கை அளவான ஒரு கருவி இருக்கும். அதன் திரையில் ஓடுவன ஆங்கிலச் சொற்கள். பலகையைப் படிப்பவன் சாலையிற் செல்பவன். அவனுக்கு அதனால் ஆவதும் அழிவதும் ஒன்றுமில்லை. திரையைப் படித்தாக வேண்டியவன் உள்ளே நிற்கிறான். அவன் கூலியும் நற்பெயரும் அத் திரையின் சொல்லில் தொங்குகின்றன. தமிழ்ப் பற்றாளர் பலகைக்குப் போராடியதில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரைக்குப் போராடவில்லை.

அக் கருவிக்குப் பின்னால் இருப்பது கிடங்கு மேலாண்மை மென்பொருள். எச் சரக்கு எங்கே இருக்கிறது, எவர் கேட்ட சரக்கு எந்நிலையில் இருக்கிறது என்னும் இரண்டு வினாக்களுக்கு எந்நேரமும் விடை வைத்திருப்பது அதன் வேலை. கிடங்கின் ஒவ்வொரு சந்துக்கும், அடுக்குக்கும், தட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. அம் முகவரி பட்டைக்குறியாக அங்கே ஒட்டப்பட்டிருக்கும். சரக்கின் மேலும் அத்தகைய குறி இருக்கும். 1974 சூன் 26-இல் அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்துத் திராய் என்னும் ஊரில், ஒரு பலசரக்குக் கடையில், ஒரு கட்டு மெல்லும் பசை பண்டங்களுக்குரிய பொதுப் பட்டைக்குறியை ஒளியாற் படித்து முதன்முதலாக விற்கப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்று கிடங்குகளை ஆள்கிறது. அக் கருங்கோடுகளுக்கு மொழி இல்லை என்பதை இவ்விடத்துக் கருத்தில் இருத்துக.

ஒரு கடைக்காரர் பத்துப் பெட்டி தேயிலை கேட்கிறார் என்க. அவர் கேட்பு மென்பொருளுள் நுழைந்தவுடன் அதற்கு ‘நியூ’ என்று பெயர். அடுத்து மென்பொருள் இருப்பைப் பார்க்கிறது. தட்டில் முப்பது பெட்டி இருப்பதனாலேயே முப்பதும் கொடுக்கத்தக்கவை ஆகிவிடா. அவற்றுள் இருபத்திரண்டு முன்னரே பிறர்க்கென ஒதுக்கப்பட்டவை எனின் எஞ்சியவை எட்டே. கண்ணுக்குத் தெரியும் இருப்பு வேறு. கொடுக்கத்தக்க இருப்பு வேறு. இவ் வேறுபாட்டை ஒரு நொடியும் மறவாது வைத்திருப்பதுதான் இம் மென்பொருளின் உயிர். எட்டை ஒதுக்கி இரண்டை நிலுவையில் வைப்பதா, பத்தும் சேரும்வரை முழுவதையும் நிறுத்தி வைப்பதா என்பது மேலாளர் முன்னரே வகுத்த முறையைப் பொறுத்தது. ஒதுக்கியபின் ‘அலொகேட்டடு’. கிடங்குத் தளத்திற்கு வேலையாக இறக்கியபின் ‘ரிலீசுடு’. ஆள் சென்று தட்டின் குறியையும் பெட்டியின் குறியையும் படித்து எடுத்தபின் ‘பிக்டு’. கட்டுமேசையில் எடை பார்த்து முகவரி ஒட்டியபின் ‘பேக்டு’. வாயிலருகே கொணர்ந்து அடுக்கியபின் ‘சுடேச்டு’. சரக்குந்தில் போனபின் ‘சிப்டு’. இடையில் தட்டில் பெட்டி குறைந்தால் ‘சார்ட்டு’. மேலிடத்தார் தடுத்தால் ‘ஓல்டு’.

இந் நிலைகளின் பெயர் மட்டும் அன்று, ஒவ்வொன்றையும் மாற்றியவர் எவர், மாற்றியது எந்நொடியில், எக் கருவியில் என்பனவும் பதிவாகின்றன. மாலையில் கண்காணிப்பாளர் கையில் வருவது அப் பதிவின் தொகுப்பு. எவர் மணிக்கு எத்துணைப் பெட்டி எடுத்தார், எவர் எடுத்ததில் எத்துணை பிழை என்பதெல்லாம் அதிலிருந்தே கணிக்கப்படும்.

ஆகவே நிலை என்பது சரக்கின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுப் போலத் தோன்றினும், உள்ளபடி அஃது ஓர் ஆள் கொடுத்த சான்று. ‘பிக்டு’ என்னும் விசையை அழுத்தியவன், ‘இத் தட்டிலிருந்து இத்துணைப் பெட்டியை என் கையால் எடுத்தேன்’ என்று தன் பெயரால் சான்று கூறுகிறான். முன்னாளில் வட்டிக்கு விடுபவன் நீட்டிய ஆவணத்தில், உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலே உழவன் கைந்நாட்டு வைத்தான். பின்னர் வழக்கு மன்றத்தில் அவ் ஆவணமே பேசிற்று. உழவன் பேச்சு எடுபடவில்லை. இன்று கைந்நாட்டு கண்ணாடித் திரையின் மேல் விழுகிறது. வேறுபாடு அவ்வளவே.

‘எழுத்தைப் படியாமலே நிறத்தைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் அவர்கள் பழகிக்கொள்கிறார்களே, பச்சைக் கட்டத்தை அழுத்தினால் அடுத்தது வரும் என்பது அவர்களுக்குத் தெரியுமே’ என்று மேலாளர் சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் நிறமே போதும். ஆயின் கிடங்கு வேலையின் கடுமை ஒழுங்காக நடக்காத இடத்தில் இருக்கிறது. பத்துப் பெட்டி எடுக்கச் சொன்ன தட்டில் ஏழே இருக்கின்றன என்க. உடனே கருவி வினவும்: தட்டு வெறுமையாயிற்றா, பெட்டி உடைந்ததா, வேறு சரக்குக் கலந்து கிடக்கிறதா, குறி படியவில்லையா? இவ்விடைகள் நிறத்தால் வேறுபட்டவை அல்ல. ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் ஆங்கிலச் சொற்றொடர்கள். அவற்றைப் படிக்கவியலாதவன் செய்வது யாது? மேலே இருப்பதை அழுத்திவிட்டு அடுத்த தட்டிற்கு நடப்பான். நின்றால் நொடிகள் ஓடும். நொடிகள் அவன் கணக்கில் ஏறும்.

அவன் அழுத்தியது ‘உடைந்தது’ என்பதாக இருந்தால், உடையாத மூன்று பெட்டி கணக்கிலிருந்து உடைந்தவையாகக் கழியும். ‘தட்டு வெறுமை’ என்பதாக இருந்தால், எஞ்சிய சரக்கு கண்ணெதிரே இருந்தும் மென்பொருளுக்கு இல்லாததாகும். அடுத்துக் கேட்பவர்க்கு ‘இருப்பு இல்லை’ என்னும் விடை போகும். சில நாள் கழித்துத் தட்டுகளை எண்ணிப் பார்க்கும்போது கணக்கும் சரக்கும் ஒவ்வா. அப்பொழுது பதிவேட்டைப் புரட்டுவர். அதில் அவன் பெயரும் அந் நொடியும் அவன் ‘கூறிய’ சான்றும் தெளிவாக நிற்கும். திரையில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியுமா என்னும் வினாவிற்கு அப் பதிவேட்டில் இடமில்லை.

பதிவைச் சரக்கினும் மெய்யென நம்பும் இப் பழக்கம் எளியோரை மட்டும் வருத்துவதன்று. 1999-இல் அமெரிக்காவின் எர்சி என்னும் சாக்கலேட்டுக் குழுமம் எசு.ஏ.பி. முதலிய புதிய மென்பொருள்களை ஒரே வீச்சில் பூட்டியது. அவ் ஆண்டு அக்டோபர் இறுதியில் வந்த திருநாள் விற்பனைக்கு ஏறத்தாழப் பத்துக் கோடி டாலர் பெறுமானமுள்ள கேட்புகளை அதனால் நிறைவேற்ற இயலவில்லை. கிடங்குகளில் இனிப்பு இருந்தது. அதனைக் கேட்டவர்க்கு உரிய நாளில் ஏற்றியனுப்பும் வழி மென்பொருளில் அடைபட்டுக் கிடந்தது. பெருங்குழுமம் ஆகலின் அவ் இழப்பைத் தாங்கிக்கொண்டது.

தாங்க முடியாதவர் கதை பிரித்தானிய நாட்டில் நடந்தது. அது கிடங்குக் கதையன்று, அஞ்சலகக் கதை. ஆயினும் பதிவிற்கும் ஆளுக்கும் இடையே எழுந்த வழக்கு என்பதால் இங்கு எண்ணத்தக்கது. ‘அடிவானம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய கணக்கு மென்பொருளைப் பியூசிட்சு என்னும் குழுமம் அஞ்சலகங்களுக்குக் கொடுத்தது. அஃது இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. பணம் குறைகிறது என்று திரை கூறிற்று. எடுக்கவில்லை என்று அஞ்சலகம் நடத்தியவர் கூறினர். திரை வென்றது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் மன்றம் தீர்ப்பளித்தது 2019-இல். தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கத் தனிச்சட்டமே 2024-இல் இயற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்கள். திரையின் ஒவ்வொரு சொல்லையும் படித்தவர்கள். கல்வியும் ஊரில் மதிப்பும் உடையவர்கள். அவர்க்கே அந் நிலை எனின், சொல்லையே படிக்கவியலாமல் விசையை அழுத்துகின்றவன் தன் பக்கத்தை எவரிடம், எம் மொழியில் எடுத்துரைப்பான்?

தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும் என்பது புதிய கோரிக்கையும் அன்று. தொழிலகங்களின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும் தொழிலாளருட் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. தொழிற்சாலைகளில் ஒட்டும் அறிவிப்புகளுக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அவ்வாறே விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. சுவரில் ஒட்டும் தாளுக்கு முக்கால் நூற்றாண்டிற்கு முன்னரே ஒப்புக்கொண்ட ஒன்றை, கையில் கொடுக்கும் திரைக்கு மறுப்பதற்கு என்ன முறை உளது?

‘மென்பொருள் அயல்நாட்டது, அதன் சொல்லை மாற்றினால் உள்ளே குலைந்துவிடும்’ என்று அச்சுறுத்துவாரும் உளர். இது வெறும் பூச்சாண்டி. மென்பொருளின் உள்ளே நிலை என்பது ஓர் எண்ணாகவோ மாறாத ஒரு குறிப்பெயராகவோ இருக்கும். திரையில் தெரிவது அதற்குப் போர்த்திய சொல். பெல்சிய நாட்டில் தோன்றிப் பல நாடுகளில் வழங்கும் ‘ஓடூ’ என்னும் மென்பொருளைக் காண்க. அதன் கிடங்குச் சீட்டிற்கு ஆறு நிலைகள்: வரைவு, பிறிதொரு வேலைக்குக் காத்திருப்பது, சரக்கிற்குக் காத்திருப்பது, அணியமானது, முடிந்தது, விலக்கியது. இவற்றுள் அணியமானது என்னும் பொருளில் திரையில் வருவதற்கு உள்பெயர் ‘அசைண்டு’, அஃதாவது ஒதுக்கியது. சரக்கிற்குக் காத்திருப்பது என்று காட்டப்படுவதற்கு உள்பெயர் ‘கன்பர்ம்டு’, அஃதாவது உறுதியானது. ஆங்கிலம் படிப்பவனுக்கே உள்ளிருக்கும் சொல் வேறாகவும் வெளியே காட்டும் சொல் வேறாகவும் இருக்கின்றன. அவனுக்குப் புரிய வேண்டும் என்று அதனை மாற்றினர், குலைந்தது ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பிற்கு என்றே ஒரு சொற்பட்டியல் உண்டு. ஒரு பக்கம் மூலச்சொல், மறுபக்கம் வேண்டிய மொழியின் சொல். ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. எஞ்சிய தடை உள்ளத்தில் இருப்பது.

இனி, எச்சொல்லை இடுவது? இங்குதான் தமிழன்பரே தவறுமிடம் மிகுதி. ‘சிப்டு’ என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘கப்பலேற்றப்பட்டது’ என்றால், ஒரகடத்திலிருந்து ஓசூருக்குப் போகும் சரக்குந்து எக் கடலில் மிதக்கும்? முடிவுறாத கேட்பினை ‘திறந்த ஆணை’ என்று எழுதுவாரும் உளர். கேட்டவர் ஆணையிடவுமில்லை, எதுவும் திறந்து கிடக்கவுமில்லை. ‘பிக்டு’ என்பதற்குப் ‘பொறுக்கப்பட்டது’ என்று அகரமுதலியிலிருந்து எடுத்து ஒட்டினால், அதனைக் கேட்டு நகைக்காத சுமையாளர் ஒருவரும் இரார். இவையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம்.

‘எடுக்கப்பட்டது, கட்டப்பட்டது, அனுப்பப்பட்டது’ என்று ‘பட்டது’ மயமாக எழுதுவதும் அத்தகையதே. விருதுநகரிலோ சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ ஒரு மண்டியில் நின்று கேட்டால், ‘எடை போட்டாச்சா, தைச்சாச்சா, ஏத்தியாச்சா’ என்னும் குரல்தான் கேட்கும். அவ் வழக்கின் செப்பமான வடிவம் எடுத்தாயிற்று, கட்டியாயிற்று, ஏற்றியாயிற்று என்பது. ஒரு வினையின் நான்கு நிலைகளையும் தமிழ் தன் வினைமுற்றிலேயே காட்டிவிடுகிறது: எடுக்க வேண்டும், எடுக்கிறார், எடுத்தாயிற்று, எடுக்கவில்லை. மென்பொருள் கேட்பதும் இந் நான்கைத்தான். ‘பிக்’, ‘பிக்கிங்’, ‘பிக்டு’ என்னும் மூன்றும் ஆங்கிலம் அறியாதவன் கண்ணுக்கு ஒரே உருவின் மூன்று வால்கள்; எவ் வால் எதைக் குறிக்கும் என்பதை அவன் மனப்பாடம் செய்தாக வேண்டும். ‘ஆயிற்று’ என்பதன் பொருளை எவரும் அவனுக்குக் கற்பிக்க வேண்டா. திரை சிறிது என்னும் தடையும் இங்கு நில்லாது, ‘எடுத்தாயிற்று’ ஏழெழுத்து.

ஒதுக்கீடு, நிலுவை, இருப்பு, குறை, நிறுத்தம் ஆகியவை பேரேட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கிவரும் சொற்கள். ஈழத்தில் வணிகப் பாடத்தைத் தமிழிலேயே பயின்ற தலைமுறைகளுக்குக் கொள்வனவும் களஞ்சியமும் இருப்பும் பள்ளிச் சொற்கள். புதிதாகப் படைக்க வேண்டியவை சிலவே.

கிடங்கு என்னும் சொல்லின் கதையே இதற்குப் போதிய சான்று. தமிழ்க் ‘கிடங்கு’ம் அதற்கு உறவான தெலுங்குச் சொல்லும் கடல் கடந்து மலாய் மொழியில் ‘குடாங்’ ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் புகுந்து ‘கோடௌன்’ ஆயின என்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. நாட்டுக்கோட்டை வணிகர் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ‘கிட்டங்கி’ வைத்துத் தொழில் நடத்தினர். அச் சொல்லைத் தந்த நாட்டில் இன்று கிடங்கிற் பணிசெய்பவன் ‘குடோனுக்குப் போகிறேன்’ என்கிறான். போன பிள்ளை ஊர் திரும்பியபோது பெற்றவளே அடையாளம் காணாத கதை.

வடபுலத்திலிருந்து வந்து பணிசெய்வோரும் இக் கிடங்குகளில் உளர். அவர்க்கு மட்டும் ஆங்கிலம் தாய்மொழியா? பீகாரிலிருந்து வந்தவனும் ஒடிசாவிலிருந்து வந்தவனும் அதே திரையின் முன் அதே குருட்டுத்தனத்தில் நிற்கின்றனர். உள்ளிருக்கும் குறி ஒன்றாகவே இருக்க, எவர் நுழைவு எண்ணைத் தட்டுகிறாரோ அவர் மொழியில் திரை தெரியும்படி செய்ய இயலும். தமிழ்நாட்டுக் கிடங்கில் தமிழ் முதலில் வரவேண்டும். பிறர் தம் மொழியில் படிப்பதால் தமிழுக்கு ஒரு குறையும் நேராது.

முதலாளிமாருக்கும் இதில் ஓர் ஆதாயம் உண்டு. அவர்கள் அதனை விரும்புவரா என்பது ஐயமே. ‘சிப்டு’ என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கின்றன. ஓரிடத்தில் முகவரிச் சீட்டு அச்சானவுடன் அந் நிலை வந்துவிடும். பெட்டி இன்னும் கட்டுமேசையில் கிடக்கும். வேறோரிடத்தில் சரக்குந்தில் ஏற்றியபின் வரும். மற்றோரிடத்தில் சரக்குந்து வாயிலைக் கடந்தபின் வரும். 2018 ஏப்பிரல் முதல் மாநில எல்லை கடக்கும், 50,000 உருபாவுக்கு மேற்பட்ட சரக்கிற்கு மின்வழிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. அச் சீட்டு எழுதப்படாமையால் ஏற்றிய சரக்குந்து வாயிலிலேயே நிற்பதும் உண்டு. கேட்டவருக்கோ ‘அனுப்பிவிட்டோம்’ என்னும் செய்தி போயிருக்கும். தமிழில் இடப் புகுந்தால் ‘சீட்டு எழுதியாயிற்று’, ‘ஏற்றியாயிற்று’, ‘புறப்பட்டது’ என்னும் மூன்றனுள் எது என்று முடிவு செய்தே தீர வேண்டும். அம் முடிவைச் செய்தால் காலத்தாழ்ச்சி எவரால் என்பது வெளிப்படும். ஏற்றுபவன் தலையில் இறங்கும் பழிகளிற் பல, சீட்டு எழுதும் மேசைக்கு உரியவை.

எல்லாத் திரைகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதில்லை. முதற்கண் தொட வேண்டியது குறை காட்டும் அவ்வொரு திரை. கிடங்கில் பத்தாண்டு உழைத்த நால்வரை அமர்த்தி, அவர்கள் வாயில் வரும் சொல்லையே எழுதி, ஒரு சுற்று வேலையில் பார்த்துத் திருத்தினால் போதும். அதில் வர வேண்டியவை நான்கே விடைகள்: தட்டில் இல்லை, உடைந்திருக்கிறது, வேறு சரக்கு, குறி படியவில்லை. அடுத்த முறை தொழிற்சங்கத்தார் கூலி உயர்வு பேச அமரும்போது, இந் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகலாம்.